விலாசம் சொல்லிக் கூப்பிட்ட ஏரி

ஸ்காபரோவில் புவனேந்திரன் என்றொரு மனிதர் இருந்தார். அவர் இருபத்தாறு வருடங்களாகக் கண்ட எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். இருபத்தாறு வருடங்களில் ஒருவர்கூட வரவில்லை. கலியாண மண்டபத்து வாசலில் நின்று கூப்பிட்டார், செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டார், பல்லுப் பிடுங்கப் படுத்த கதிரையில் வாய் விறைத்த நிலையிலும் வைத்தியரைக் கூப்பிட்டார். "கட்டாயம் ஒருநாள் வீட்டுப்பக்கம் வாங்கோ, இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்று சொல்லும்போது எதிரில் நிற்பவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார், கண்கூடக் கொஞ்சம் கலங்கும், ஆனால் எந்த நாள் என்று சொல்லமாட்டார், எந்த வீடு என்றும் சொல்லமாட்டார். கேட்டவர்களும் நம்முடைய சனம்தானே. "ஓமோம், உங்கட வீட்டுக்கு வராமல் வேற எங்கை போறது" என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் காரைத் தேடிப் போய்விடுவார்கள். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று அவர் மனைவி மலர் சொல்வதுண்டு. ஒருவரும் வராதபடியால், விருந்தோம்பலில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பெயர் மட்டும் கெடாமல் இருந்தது.

அந்தப் பெயரை வைத்துத்தான் அவர் கொக்கட்டிவளவு முன்னேற்றச் சங்கத்தின் தலைவராக இருந்தார். கொக்கட்டிவளவு யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் நூற்றெழுபது வீடுகளோடு இருந்த ஊர். சண்டைக்காலத்தில் ஆமி வந்து ஆட்களை எழுப்பிவிட்டு முள்ளுக்கம்பி அடித்தது, ஊர் போனது. ஊர் போன பிறகு கனடாவில் ஊருக்குச் சங்கம் வந்தது, சங்கம் வந்த அடுத்த வருடமே அது இரண்டாக உடைந்தது, இல்லாத நூற்றெழுபது வீட்டுக்கு இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், ஒரே நாளில் இரண்டு பொங்கல் விழா என்றானது. மற்றச் சங்கம் கோடையில் மூன்று பஸ் பிடித்து நயாகராவுக்குப் போய்வந்ததும் நம் சங்கத்தின் செயலாளர் தயாபரனுக்கு நித்திரை போய்விட்டது.

"அண்ணை, நயாகராவுக்கு ஆரும் போகலாம். நாங்கள் வடக்கை போவம். வெள்ளைக்காரர் கனூவிலை போற பயணம் இருக்கு, அஞ்சு நாள். ஏரியிலை துடுப்புப் போட்டுப் போறது, ஏரி முடிஞ்சா வள்ளத்தைத் தலையிலை தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளாலை நடந்து அடுத்த ஏரிக்குப் போறது."

"தூக்கிறது ஆர்?" என்று கேட்டார் புவனேந்திரன்.

"நாங்கள்தான்."

"அப்ப வள்ளம் என்னத்துக்குத் தம்பி?"

"படத்துக்கு அண்ணை."

அந்தப் பதில் தலைவருக்குத் திருப்தியாக இருந்தது. யூலை மாதத்தில் எட்டுப்பேர் நாலு கனூவில் புறப்பட்டார்கள். வழிகாட்டியாக வந்தவர் மார்லீன், ஐம்பத்தைந்து வயது, அந்த ஏரிகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற அனிஷினாபே மக்களில் ஒருவர். அவர் தனிக் கனூவில் முன்னுக்குப் போனார். மார்லீனிடம் ஒரு பை இருந்தது. சங்கத்திடம் எட்டடிப் பதாகை, ஒலிபெருக்கி, மூன்று தட்டு ஆட்டிறைச்சிக் கறி, இடுப்பளவு உயரத்தில் ஒரு குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. முதல் ஏரியின் நடுவில் கனூக்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மங்கள விளக்கேற்றினார்கள், காற்று அணைத்தது, திரும்ப ஏற்றினார்கள், தலைகுனிந்து அகவணக்கம் செலுத்தினார்கள், வரவேற்புரை நடந்தது, தலைமையுரை நடந்தது, நுளம்பு கடித்தது, எட்டுப்பேரில் ஐந்து பேர் பேச இருந்தபடியால் கேட்க மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். யாராவது இறந்துவிட்டார்களா என்று மார்லீன் கேட்டார். இல்லை, இது தொடக்க நிகழ்ச்சி என்று தயாபரன் விளங்கப்படுத்தினார்.

முதல் நாள் மூன்று ஏரி கடந்தார்கள், இரண்டாம் நாள் இரண்டு ஏரி, இடையில் பாறையும் சேறும் பைன் மரத்து வேருமாகக் கிடந்த காட்டுப்பாதையில் கனூவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார்கள், விளக்கைத் தோளில் காவினார்கள், விளக்கைக் காவியவரை மற்றவர்கள் காவினார்கள். கனூ நேராகப் போவதற்கு முன்னால் இருப்பவர் இழுக்கவேண்டும், பின்னால் இருப்பவர் திருப்பவேண்டும். தலைவரும் செயலாளரும் ஒரே கனூவில் இருந்தார்கள், இருவரும் திருப்பினார்கள், இழுக்க ஒருவரும் இல்லை, கனூ நின்ற இடத்திலேயே வீதிவலம் வந்தது. மார்லீன் காத்திருந்தார், பிறகு மெதுவாகப் போனார், பிறகும் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் ஒரு ஆறு வந்தது, கல்லுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடியது. இதில் இறங்கக் கூடாது, கரையால் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்றார் மார்லீன். சங்கம் உடனே கரையில் கூடிப் பிரேரணை வைத்தது, தூக்கித் தூக்கி வந்த நாரி நோவைக் கருத்தில் கொண்டு ஆற்றிலேயே போவதென்று ஆறுக்கு இரண்டு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஆற்றுக்கு இந்தத் தீர்மானம் அறிவிக்கப்படவில்லை. முதல் வளைவிலேயே தலைவரின் கனூ கவிழ்ந்தது, தயாபரன் மிதப்புச் சட்டையில் மிதந்து கரை சேர்ந்தார். மிதப்புச் சட்டை போட்டால் படத்தில் பொன்னாடை தெரியாது என்பதால் தலைவர் அதைக் கழற்றி வைத்திருந்தார். ஆகவே புவனேந்திரன் கல்லுப்போல் போனார், வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறியது, மலரின் முகம் ஒருமுறை தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அவரை எடுத்தது ஏரிதான். ஆறு போய் விழும் இடத்தில் ஒரு சின்ன ஏரி இருந்தது, இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும், ஓரமெல்லாம் தண்ணீருக்குள் உயரமாகப் புல்லு நின்றது. மார்லீனின் மொழியில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அந்த ஏரி புவனேந்திரனுக்குக் கீழே ஒருதரம் புரண்டு, அவரைத் தூக்கி, ஒரு தட்டையான கல்லில் வைத்துவிட்டுப் பின்வாங்கி நின்றது. புவனேந்திரன் இருமினார், சத்தியெடுத்தார், அழுதார். பிறகு குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு, யாருடைய கையையோ பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கட்டாயம் ஒருநாள் வீட்டுப்பக்கம் வாங்கோ, இருந்து சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்." இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சாவைக் கண்டுவிட்டு வந்த மனுசனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை. "இருபத்தேழு, மேப்பிள்றிட்ஜ் கிறசென்ட், ஸ்காபரோ" என்று தெளிவாகச் சொன்னார், தபால் இலக்கத்தையும் சொன்னார்.

மறுநாள் அடுத்த ஏரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார்கள். ஏரி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கூச்சத்தோடு, பத்தடி இடைவெளி விட்டு, மரங்களுக்கு வழிவிட்டு, மீனும் பறவையும் புல்லுமாக அந்த ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தது. இவர்கள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

"யார் இதைக் கூப்பிட்டது?" என்று கேட்டார் மார்லீன்.

எட்டுப்பேரும் மரத்தைப் பார்த்தார்கள்.

"நீ கூப்பிட்டாயா?" என்று புவனேந்திரனிடம் நேராகவே கேட்டார்.

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது" என்றார் புவனேந்திரன். "வருமென்று நினைக்கவில்லை."

"வரவேண்டாமென்றால் எதற்குக் கூப்பிடுகிறாய்?" என்று மார்லீன் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். புவனேந்திரனுக்கு அறுபத்தொரு வயதில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஏரி அவர்களுடைய வான் வண்டிக்குப் பின்னாலேயே நெடுஞ்சாலையில் ஏறியது, வலது ஓரமாக, வேக வரம்புக்குக் கட்டுப்பட்டு, சிவப்பு விளக்குக்கு நின்று, ஐந்நூறு கிலோமீற்றர் வந்தது. வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார், எழுதுவதற்கு இலக்கத்தகடு தேடினார், இல்லாதபடியால் விட்டுவிட்டார். மேப்பிள்றிட்ஜ் கிறசென்டில் இருபத்தேழாம் இலக்கத்து வளவு போதவில்லை, ஆகவே வீட்டுக்குப் பின்னால் மின்கம்பிக் கோபுரங்கள் நிற்கும் நீண்ட புல்வெளியில் போய் அமர்ந்தது. மலர் கதவைத் திறந்து பார்த்தார். "ஒருநாளும் ஆரும் வராத வீட்டுக்குக் கடைசியா ஒரு ஏரியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்று சொல்லிவிட்டு, வந்த விருந்தாளியைச் சும்மா விடக்கூடாதென்று முப்பது இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் ஓரத்தில் வைத்தார். ஏரி சாப்பிட்டது. சாப்பிட்ட பிறகும் போகவில்லை. விருந்தோடு எழும்பிப் போகும் பழக்கம் நம் ஆட்களுக்கே இல்லை, ஏரியைக் குறை சொல்லி என்ன.

முதல் கிழமை பார்க்க வந்தார்கள், இரண்டாம் கிழமை குளிக்க வந்தார்கள், மூன்றாம் கிழமை ஐயர் வந்து சங்கல்பம் செய்து தீர்த்தமாக்கினார், நாலாம் கிழமை ஊரில் இருந்த கேணியின் பெயரை வைத்துக் கொக்கட்டிக் குளம் என்று பலகை நட்டார்கள். மார்லீன் சொன்ன பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வீடு விற்பவர்கள் 'ஏரிக்கரை வீடு' என்று விளம்பரம் போட்டார்கள். மாநகரத்திலிருந்து ஒருவர் வந்து நீச்சல் தடாகத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார், இது தடாகமல்ல என்று கண்டதும் படிவத்தை மடித்துக்கொண்டு போனார். மற்றச் சங்கம் வந்து, ஊர் ஒன்றென்றால் குளத்தில் பாதி தங்களுக்கு என்றது. ஊரில் வேலிக்குச் சண்டை பிடித்த சனம் தண்ணீருக்கு நடுவே கயிறு கட்டி, அந்தக் கயிறு இரண்டடி தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறதென்று அதற்கும் சண்டை பிடித்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இரண்டு பக்கமும் அள்ளி அள்ளிக் குளித்தார்கள். கலியாண மாப்பிள்ளை பொம்பிளையள் படம் பிடிக்க வரிசையில் நின்றார்கள், தேங்காய் மிதந்தது, மாலை மிதந்தது, பிளாஸ்ரிக் தட்டு மிதந்தது. ஏரியின் ஓரத்தில் கொஞ்சம் பச்சைப்பாசி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

புவனேந்திரனுக்கு இது பொற்காலம். இருபத்தாறு வருடமாகக் கூப்பிட்ட எல்லோரும் ஒரேயடியாக வந்தார்கள், பல் வைத்தியரும் வந்தார். ஏரியைக் கூட்டிவந்த மனிதர் என்று வானொலியில் பேட்டி எடுத்தார்கள், ஆயுட்காலத் தலைவராக்குவதென்று தயாபரன் முன்மொழிந்தார். பின்னுக்குக் குசினியில் மலர் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றினார், அது பேட்டியில் வரவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் மார்லீன் வந்தார். பழைய பிக்கப் வண்டி, கூரையில் கனூ. புல்வெளி ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, ஏரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஏரி கரையை விட்டு அரையடி எழும்பிப் பார்த்தது. விருந்தாளி, கூப்பிட்டவர் அனுப்பாமல் எழும்பாது, திரும்பப் படுத்துவிட்டது. மார்லீன் புவனேந்திரனிடம் வந்தார்.

"அங்கே சேறு மட்டும்தான் இருக்கிறது. ஆறு குடும்பம் கனூவோடு வந்து அந்தச் சேற்றின் ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் நிற்கிற அதுதான் எங்கள் அரிசி. பத்து நாளில் முற்றிவிடும். அதற்குள் எங்கள் பக்கத்துத் தண்ணீரில் அது நிற்கவேண்டும், இல்லையென்றால் விதை இங்கே விழுந்துவிடும், அடுத்த வருடமும் இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. நீ அதைப் போகச் சொல்லவேண்டும்."

"இருங்கோ, முதலில் தேத்தண்ணி குடிப்போம்" என்றார் புவனேந்திரன். "கமிட்டியில் வைத்துக் கதைக்கிறேன்."

கமிட்டி கூடியது. பதினெட்டு வருடமாக ஒன்றாகாத இரண்டு சங்கமும் அன்று ஒன்றாக ஒரு மேசையில் இருந்தன, அதைப் பார்த்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தயாபரன் எழும்பினார். "நாங்கள் பிடிச்சுக்கொண்டு வரேல்லை. அது தானா வந்தது. இஞ்சை வெறுங்காணி கிடந்தது, வந்து இருந்திட்டுது. இனி ஆரும் எழுப்பேலாது. அவையளிட்டை காணி உறுதி இருக்கோ? இருந்தாக் காட்டட்டும்." கை தட்டினார்கள். படத்துக்கு மறைக்குதென்று ஓரத்துப் புல்லை வருகிற சனிக்கிழமை மெசின் வைத்து வெட்டுவதென்றும் அதே கூட்டத்தில் தீர்மானித்தார்கள்.

புவனேந்திரனுக்கு அந்த வார்த்தைகள் எங்கேயோ கேட்ட வார்த்தைகளாக இருந்தன, எங்கே என்றும் தெரிந்தது. நாலு வருடத்துக்கு முன் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கொக்கட்டிவளவுக்குப் போய்த் தன் வளவு வாசலில் நின்றபோது காவலரணிலிருந்து வந்த ஆமிக்காரன் நல்ல பொடியன், உள்ளே கூப்பிட்டு, அவருடைய மாமரத்துக்குக் கீழே அவரை இருத்தித் தேத்தண்ணி கொடுத்தான், தெரிந்த தமிழில் சொன்னான்: "ஐயா, நாங்க யாரையும் எழுப்பல. நாங்க வாறப்போ இது வெறுங்காணி." இந்தக் கதையை அவர் எத்தனையோ மேடையில் அழுதழுது சொல்லியிருக்கிறார். இப்போது அது மேசைக்கு மறுபக்கத்திலிருந்து யாழ்ப்பாணத் தமிழில் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கோ என்றார்கள். அவர் கை உயர்த்தினார்.

மார்லீன் போகவில்லை. வண்டிக்குள்ளேயே நாலு நாள் இருந்தார், யாரோடும் வாதாடவில்லை, மலர் கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை மலர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி மிதந்த தட்டுகளைப் பொறுக்கினார். அவர் வன்னியில் வயல் வீட்டில் பிறந்தவர். பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து ஓரத்துப் புல்லின் கதிர் ஒன்றைப் பிடித்து உருவிப் பார்த்தார், நகத்தால் கிள்ளினார், பால் வந்தது. உருவியதைக் கொண்டுவந்து புவனேந்திரன் முன்னால் மேசையில் கொட்டினார்.

"இதென்ன?"

"நீங்கள் நாளைக்கு வெட்டப்போற புல்லு. கறுப்பா நீட்டா இருக்கு எண்டாலும் நெல்லு நெல்லுதான். இன்னும் முத்தேல்லை, பால் கதிர். மூண்டு நேரமும் சோறு தின்னுற சனம், எத்தினை ஆயிரம் பேர் வந்து பாத்தியள், ஒருத்தருக்கும் கண் தெரியேல்லை."

"மலர், கமிட்டி முடிவெடுத்திட்டுது."

"கமிட்டியோ கூப்பிட்டது? நீங்கள். விருந்தும் மருந்தும் மூண்டு நாள். இது ஏழாவது கிழமை. பால் கதிரை அறுத்தா எங்கட ஊரிலை அந்த வீட்டிலை பச்சைத் தண்ணி குடிக்கமாட்டினம்."

"போகச் சொன்னா சனம் என்ன சொல்லும்?"

"துரோகி எண்டு சொல்லும். அதைவிட்டா அதுகளுக்கு வேற என்ன தெரியும்?"

சனிக்கிழமை காலை வெட்டுகிற மெசின் வந்தது, இரண்டு சங்கமும் வந்தன, பதினொரு மாப்பிள்ளை பொம்பிளையள் சோடி சோடியாக வந்து நின்றார்கள். புவனேந்திரன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மெசினுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினார். தலைவர் பேசப்போகிறார் என்று தயாபரன் ஒலிபெருக்கியை நீட்டினார், அவர் வாங்கவில்லை. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு, "சந்தோசம், போயிட்டு வாங்கோ" என்றார். நம் ஊரில் யாரையும் போ என்று வழியனுப்புவதில்லை, அது சாவீட்டுச் சொல். ஏரி உடனே எழும்பியது, புல்வெளியைத் தாண்டிச் சந்தியில் சிக்னல் வரைக்கும் போனது, சொன்ன சொல்லுக்கு மரியாதையாக அப்படியே திரும்பி வந்து பழைய இடத்தில் இருந்துகொண்டது. சனம் கை தட்டியது, மெசின்காரன் சாவியைத் திருப்பினான்.

புவனேந்திரனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சாகக் கிடந்தவரை எடுத்துக் கல்லில் வைத்த தண்ணீர், இந்தப் பூமியில் அவர் கூப்பிட்டார் என்பதற்காக வந்த ஒரே ஆள். "போங்கோ" என்றார். "இஞ்சை உங்களை ஒருத்தரும் ஆளாப் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. உங்கட இடத்துக்குப் போங்கோ. திரும்பி வரவேண்டாம்."

ஏரி ஒருதரம் நடுங்கியது. பிறகு எழும்பியது, ஆனால் புல்வெளி வாசலோடு நின்றுவிட்டது. கூப்பிட்டவர் வழியனுப்ப வரவேண்டுமென்று அதுவும் இந்த ஏழு கிழமையில் எங்களைப் பார்த்துப் பழகியிருந்தது. மார்லீன் கனூவை இறக்கினார். மலர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் ஏறினார், புவனேந்திரன் நடுவில், மார்லீன் பின்னால். மலர் இழுத்தார், மார்லீன் திருப்பினார், கனூ நேராகப் போனது. பின்னால் தயாபரனின் ஒலிபெருக்கி துரோகி, துரோகி என்றது, ஏரி சந்தியைத் தாண்டியது, சிவப்பு விளக்குக்கு நின்றது, பச்சை விழுந்ததும் நெடுஞ்சாலையில் ஏறியது.

இரண்டு பகல் துடுப்புப் போட்டார்கள். கடைகளும் வங்கிகளும் பெற்றோல் நிலையங்களும் கரையாக நகர்ந்தன, பிறகு சோளக்காடு கரையாக நகர்ந்தது, பிறகு பாறை, பிறகு பைன் மரம், பாரவண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன, கனூவுக்குக் கீழே மீன் வந்தது, மீனுக்குக் கீழே தார் ரோட்டின் மஞ்சள் கோடு வந்தது, வடக்கே போகப்போக ஓரத்தில் நின்ற கதிர்கள் பச்சை விட்டுப் பழுத்துக்கொண்டே வந்தன, புவனேந்திரனின் உள்ளங்கை கொப்பளித்து உடைந்து திரும்பக் கொப்பளித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அந்தச் சேற்றுப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆறு குடும்பமும் எழும்பி நின்றது. ஏரி தன் இடத்தில் இறங்கியது, தூரப் பயணம் போய்வந்த ஒருவர் வீட்டில் சொந்தச் சாய்மனைக் கதிரையில் இருக்கும்போது விடுகிற மூச்சு அதிலிருந்து வந்தது.

"என்னை மன்னிக்கவேண்டும்" என்று புவனேந்திரன் தொடங்கினார். மேடைப் பழக்கத்தில் அது நீளமாக வரப் பார்த்தது.

"அரிசி காத்திருக்காது" என்றார் மார்லீன், ஒரு நீண்ட தடியை அவர் கையில் கொடுத்தார். ஒருவர் நின்று தடியால் கனூவைத் தள்ளவேண்டும், மற்றவர் இருந்து இரண்டு கம்பால் கதிரை வளைத்துத் தட்டவேண்டும், மணி கனூவுக்குள் விழும், கொஞ்சம் தண்ணீருக்குள் விழும், அது அடுத்த வருடத்துக்கு. மலர் தட்டினார், புவனேந்திரன் தள்ளினார். ஒரு நாள் முழுக்கத் தள்ளினார், யாரும் படம் பிடிக்கவில்லை. மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், ஏரி கிடந்த பள்ளத்தைச் சுற்றிச் சங்கம் வேலி போட்டிருந்தது. 'கொக்கட்டிவளவு மக்களின் பூர்வீகக் குளம் இருந்த இடம்' என்று கறுப்புப் பளிங்கில் எழுதியிருந்தது. ஒக்ரோபரில் முதலாம் மாத நினைவேந்தல் நடந்தது: கறுப்புக்கொடி, மெழுகுதிரி, பறிக்கப்பட்ட நீர் என்று ஒரு கவியரங்கம். ஒருநாளும் அந்தத் தண்ணீரில் கால் நனைக்காத பெண்கள்கூட வாய்விட்டு அழுதார்கள், அந்த அழுகையில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. ஊர் போனபோது அழாமல் அடக்கி வைத்ததையெல்லாம் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள். தயாபரன் ஆயுட்காலத் தலைவரானார். புவனேந்திரனைக் கண்டால் கடையில்கூட அடுத்த வரிசைக்குப் போனார்கள். மனிதர் வாடித்தான் போனார், இல்லையென்று சொல்வது பொய். சில நாள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புல்வெளியைப் பார்த்தபடி இருப்பார்.

நவம்பரில் ஒரு பொதி வந்தது. உள்ளே வறுத்துக் குத்திய கறுப்பரிசி, துணிப் பையில் கட்டி. கடிதத்தில் ஒரு வரி: ஒரு நாள் தடி பிடித்தவருக்கும் கதிர் தட்டியவருக்கும் உரிய பங்கு. மலர் அதை ஒருமணி நேரம் அவித்தார், வீடு முழுக்கப் புகையும் ஏரித் தண்ணீரும் கலந்த மணம். இரண்டு கோப்பையில் போட்டு, மீன் குழம்பு விட்டு, மேசையில் வைத்தபோது தொலைபேசி அடித்தது.

"அண்ணை, தயாபரன் கதைக்கிறன். உங்களுக்கு அங்கையிருந்து அரிசி வந்ததெண்டு கேள்விப்பட்டம். அது கொக்கட்டிக் குளத்து அரிசி. தனிப்பட்ட ஆள் வைச்சிருக்கேலாது. நினைவிடத்திலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கிறதெண்டு கமிட்டி முடிவெடுத்திருக்கு. நாங்கள் நாலு பேர் இப்பவே உங்கட வீட்டுப்பக்கம் வாறம்."

புவனேந்திரன் மேசையைப் பார்த்தார். மலர் அவருக்காகக் காத்துக்கொண்டு கோப்பையில் கை வைக்காமல் இருந்தார்.

"வராதேங்கோ" என்றார் புவனேந்திரன்.

நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லாத சொல் அது. தயாபரனுக்கு அதை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. "அண்ணை, பகிடிக்கோ சொல்லுறியள்?"

"இல்லைத் தம்பி. என்ர வீட்டுக்கு வராதேங்கோ" என்று திரும்பவும் சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட இருந்தார்.